பட்டறையில் விட்ட வண்டியும் அமானிதமே

 

எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவனின் தந்தை, சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தாமே ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள இரும்பு ஆலைகளில் கம்பி ஏற்றிக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலை 16 வழியாகச் சென்னைக்கும் அதைத் தாண்டியும் செல்வார். எந்த ஊரில் இருந்தாலும் மகனின் மதரஸாக் கட்டணத்தை மாதத்தின் முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுகிற மனிதர், அந்த மாதம் என் கண்ணில் படாமல் ஒதுங்கிச் சென்றார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நானே அவரை நிறுத்தி நலம் விசாரித்தேன். "வண்டி சர்வீஸ்ல நிக்குது, ஹஜ்ரத். பதினோரு நாளாச்சு" என்றார்.

நடந்தது இதுதான். கவரைப்பேட்டை அருகே செல்லும்போது வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இன்ஜினின் இழுவை குறைந்தது. டீலரின் சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டார். "ரெண்டு நாள்ல எடுத்துக்கலாம்" என்றார்கள். முதலில், புகைக்குழாயில் உள்ள ஒரு சென்சார் பழுது என்று சொல்லி மாற்றினார்கள், விளக்கு அணையவில்லை. பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்த்தார்கள். அவற்றில் குறை இல்லை. ஒன்பதாம் நாள்தான், சென்சாருக்குச் செல்லும் ஒயர் ஒரு கிளாம்பில் உரசித் தேய்ந்திருப்பதைக் கண்டார்கள். அதைச் சரிசெய்ததும் விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் பில்லில் புதிய சென்சாரின் விலையும் இருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டிய கூலியும் இருந்தது. மொத்தம் 61 ஆயிரம் ரூபாய். வாரண்டியைக் கேட்டால், "ஒரு தடவை வெளியில ஆயில் மாத்தியிருக்கீங்க, அதனால வராது" என்றார்கள். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டால், "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள்.

வண்டி நின்ற நாட்களில் லோடு இல்லை, வருமானம் இல்லை. ஆனால் தவணை நிற்கவில்லை, வீட்டு வாடகை நிற்கவில்லை.

மறுநாள் அவருடன் நானும் சென்றேன். குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டியில் கை வைத்த மெக்கானிக்கை நாங்கள் பார்க்க முடியவில்லை. 'வாடிக்கையாளர்கள் உள்ளே வரக்கூடாது' என்ற பலகைக்கு அப்பால் அவர் இருந்தார். எங்களிடம் பேசியவர் கணினித் திரையைப் பார்த்து, "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுச்சு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் எழுத்தில் மதிப்பீடு தந்தீர்களா, சென்சாரை மாற்றும் முன் உரிமையாளரிடம் கேட்டீர்களா என்று கேட்டேன். "போன்ல சொன்னோம் சார்" என்றார். பாய் தலைகுனிந்து நின்றார். "அவசரமா லோடு இருந்துச்சு ஹஜ்ரத், எதையாவது பண்ணிக் கொடுங்கன்னு சொல்லிட்டேன்" என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

வெளியே ஒரு பட்டறைக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பழைய லாரிக்கு அது பொருந்தும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிமுறை நடைமுறைக்கு வந்தபின் லாரியின் தன்மையே மாறிவிட்டது. புகையைச் சுத்திகரிக்க ஆட்புளூ என்னும் யூரியாக் கரைசல், அதைக் கண்காணிக்கும் சென்சார்கள், இவற்றையெல்லாம் ஆளும் கணினி ஆகியவை வந்துவிட்டன. எங்கோ குறை இருப்பதாகக் கணினி கருதினால் இன்ஜினின் சக்தியைத் தானே குறைத்துவிடும். அது என்ன குறை என்பதை முழுமையாகப் படித்தறியும் கருவியும் மென்பொருளும் பெரும்பாலும் கம்பெனியின் கையில்தான் இருக்கின்றன. சாலையோர மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அது இல்லாமல் அவர் கை கட்டுண்டதுதான்.

கார்களின் விஷயத்தில் இதே குறை முன்பே நாட்டின் உயர் அமைப்பு ஒன்றின் முன் வந்தது. வெளிப் பட்டறைகளுக்கு உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் மேல்முறையீடுகள் நடந்தன. ஆயினும், வாங்கியவன் பழுது பார்க்க ஒரே வாசலைத்தான் தட்ட வேண்டும் என்ற நிலை நியாயமற்றது என்பதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. லாரிக்காரரின் நிலையும் இதுவே.

இதெல்லாம் உலக வியாபாரம், இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். கடைத்தெருவில் குவித்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. அதை அடியில் மறைத்ததே குற்றம். மெக்கானிக்கின் கணிப்பு தவறுவதும் அப்படியே. மனிதன் தவறக்கூடியவன், முதலில் சென்சார் என்று நினைத்தது பாவமாகாது. ஆனால் ஒயர்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் சென்சாரின் விலையை வாடிக்கையாளர் தலையில் வைத்து, பழைய பொருளைக் கண்ணில் காட்டாமல் இருப்பது, நனைந்த தானியத்தை அடியில் தள்ளுவதேயாகும்.

ஃபிக்ஹ் நூல்களில் 'இஜாரா' என்னும் பாடத்தில் இதற்கான சட்டங்கள் விரிவாக உள்ளன. செய்யும் வேலையும் கூலியும் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். தெளிவின்மை ஒப்பந்தத்தையே பழுதாக்கும். பலருக்கும் வேலை செய்து கொடுக்கும் தொழிலாளியை 'அஜீர் முஷ்தரக்' என்பார்கள். தையற்காரரும் சாயமிடுபவரும் மெக்கானிக்கும் இந்த வகையினரே. அவர் கையில் இருக்கும் பொருள் தானாக அழிந்தால் அவர் பொறுப்பா இல்லையா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) ஆகியோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவருடைய செயலாலேயே ஏற்படும் சேதத்துக்கு அவர் பொறுப்பு என்பதில் அம்மூவரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளருக்கு எழுதிய கையேட்டில் ரொட்டி சுடுபவர் முதல் மருத்துவர் வரை ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சுமை சுமக்கும் பிராணிகளுக்கு வைத்தியம் செய்பவரையும் அவர் விடவில்லை. அக்காலத்துக் குதிரைக்கும் கழுதைக்கும் இருந்த இடம்தான் இக்காலத்து லாரிக்கு.

இந்த விஷயத்தை ஒரு வெள்ளிக்கிழமை பயானில் சுருக்கமாகப் பேசினேன். அன்று மஃரிபுக்குப் பின் ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். சிறுவயதில் எங்கள் மக்தபில் ஓதியவன், ஐ.டி.ஐ. முடித்து, வேறொரு சர்வீஸ் நிலையத்தில் வேலை செய்கிறான். "எங்க பட்டறையிலயும் இது நடக்குது, உஸ்தாத். சுத்தம் பண்ணி மாட்டினா போதும்னு நான் சொன்னாலும், மாத்துன்னு சொல்றாங்க. மாசத்துக்கு இவ்வளவு பார்ட்ஸ் விக்கணும்னு அவங்களுக்கு மேல இருந்து டார்கெட். என் சம்பளம் ஹலாலா?" என்று கேட்டான்.

நீ நேர்மையாக உழைத்த உழைப்புக்கான கூலி ஹலால்தான் என்றேன். ஆனால் பழுதில்லை என்று தெரிந்த பொருளைப் பழுது என்று உன் கையால் எழுதாதே. உன் வாயால் சொல்லாதே. நீ கண்டதை ஜாப் கார்டில் உள்ளபடி எழுது. அதன்பின் ஒருவர் மாற்றி எழுதினால் அந்தச் சுமை அவருடையது. பொய் சொல்லியே தீர வேண்டும் என்று வற்புறுத்தினால், வேறு இடம் தேடு. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு இரு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. படைத்தவனுக்கு மாறு செய்து படைப்புக்குக் கட்டுப்படுதல் இல்லை என்பதை நீ ஓதியிருக்கிறாய் என்றேன். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். வீட்டில் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

அவன் போன பிறகு என் மீதே எனக்கு வருத்தம் ஏற்பட்டது. அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் 83-ஆம் அத்தியாயம் 'அல்முதஃப்ஃபிஃபீன்' அவனுக்கு மனப்பாடம். நான்தான் ஓதிக் கொடுத்தேன். எழுத்தின் மக்ரஜைத் திருத்தினேன், குன்னாவைத் திருத்தினேன். அளந்து கொடுப்பது என்றால் அரிசிக்கடைப் படி மட்டுமல்ல, பட்டறையின் பில்லும்தான் என்று ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தத் தொழிற்பகுதியில் நம் பிள்ளைகள் பலர் மெக்கானிக்காகவும் ஓட்டுநராகவும் எலக்ட்ரீஷியனாகவும்தான் ஆகப் போகிறார்கள். அவர்களுக்கு ஒளூவின் பர்ளுகளைக் கற்பிப்பது போலவே, தொழிலின் ஹலால் ஹராமையும் கற்பிப்பது மதரஸாவின் கடமை என்பதே என் கருத்து.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டு வாரண்டி கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. மலிவு என்று கலப்பட ஆட்புளூவை ஊற்றிவிட்டு, கம்பெனி வண்டி சரியில்லை என்பவர்களும் உண்டு. வேலையை முடித்து வாங்கிக்கொண்டு, பட்டறைக்காரருக்கு மாதக்கணக்கில் பாக்கி வைப்பவர்களும் உண்டு. முறையாகச் செய்த வேலைக்குக் கூலி தரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கப் பட்டறைக்காரருக்கு நாட்டுச் சட்டத்திலும் உரிமை இருக்கிறது. நாம் நம் பங்கில் சுத்தமாக இருந்தால்தான் பிறரிடம் நியாயம் கேட்க முடியும்.

லாரி வைத்திருக்கும் சகோதரர்களுக்குச் சில ஆலோசனைகள்:

ஒன்று, எழுதி வாங்குங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான். வண்டியை விடும்போது குறை என்ன, மதிப்பீடு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 'என் அனுமதியின்றி எந்தப் பொருளும் மாற்றக் கூடாது. கழற்றிய பொருளைத் திருப்பித் தர வேண்டும்' என்று அதிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். அவசரத்தில் எதையாவது செய்யுங்கள் என்று சொல்லாதீர்கள்.

இரண்டு, வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாரண்டிப் புத்தகத்தில் அந்த நிபந்தனை எங்கே உள்ளது என்று காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லப்படும் பல மறுப்புகள் எழுத்தில் கேட்டால் வருவதில்லை.

மூன்று, சட்டம் உங்களுக்கும் உண்டு. லாரி வணிக வாகனம் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பலர் எண்ணுகிறார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கில், லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டாகவே கூறியிருக்கிறது. செய்த வேலைக்குப் பில் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்றும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.

பாய் இப்போது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். இன்ஜெக்டரைக் கழற்றிய கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். சென்சாரின் விலைக்காக இன்னும் அலைகிறார். அந்த இளைஞன் அதே வேலையில்தான் இருக்கிறான். கண்டதைக் கண்டபடி எழுதுவதாகவும், அதற்காக ஏச்சு வாங்குவதாகவும் சொன்னான். அவனுக்காக துஆ செய்யுங்கள்.

சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கழற்றிய பழைய பொருளை, வாடிக்கையாளர் கேட்காமலே அவர் முன் எடுத்து வையுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்குறுதி. அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.