புருஷனைக் கொன்றவளுக்கு மரியாதையா?

பெண்கள் புருஷனைத் தீர்த்துக் கட்டுவதைச் சிரிக்கச் சிரிக்கக் கதையாக எழுதலாமா, அப்படி எழுதினால் குடும்ப தர்மம் என்னாவது என்று சில யோக்கியர்கள் கவலைப்படுவதுண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லுமுன் அப்படிப்பட்ட கதையொன்றைச் சொல்லுகின்றோம்.

பரிணி ஷ்ராஃப் என்னும் அம்மையார் 2023-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் 'தி பேண்டிட் குவீன்ஸ்', அதாவது கொள்ளைக்கார ராணிகள் என்பது. குஜராத்திலுள்ள ஒரு கிராமத்தில் கீதா என்பவளை அடித்து வந்த புருஷன் ஒருநாள் காணாமற் போய்விடுகின்றான். அவன் அவளை விட்டு ஓடிப்போனான் என்பதே உண்மை. ஊராரோ, அவளே கொன்றுவிட்டாளென்று முடிவு கட்டிவிடுகின்றார்கள். சூனியக்காரி என்றும் பேசிக்கொள்கின்றார்கள். இதன் பலன் என்ன தெரியுமா? ஒருவனும் அவளிடம் வாலாட்டுவதில்லை. அவள் விற்கும் நகையை வாங்க மாட்டேனென்று சொல்லவும் யாருக்கும் துணிச்சலில்லை. அந்த நகைதான் எது? கருமணித் தாலி! புருஷனை விழுங்கினவள் என்று ஊர் நம்புகின்றவள் கையால் செய்த தாலி, சுமங்கலிகள் கழுத்திலே தொங்குகின்றது! பிறகு, அவளோடு சேர்ந்து கூட்டுக் கடன் வாங்கிய ஒருத்தி வந்து, தன் புருஷனையும் தொலைக்க வழி கேட்கின்றாள்.

இதில் சிரிப்புக்கிடமானது எது? அடிபட்டபோது அவளுக்கு இல்லாத மரியாதை, கொலைகாரியென்ற பெயர் வந்ததும் தானே வந்து சேருகின்றது. அப்படியானால் அந்த ஊர்த் தர்மத்தின் யோக்கியதைதான் என்ன?

கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 2019-21-ல் சர்க்கார் நடத்திய 5-வது தேசியக் குடும்பநல ஆய்வில், சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள் என்பன போன்ற ஏதேனுமொரு காரணத்துக்காகப் பெண்ஜாதியை அடிப்பது நியாயமே என்று சொன்ன ஆண்கள் 100-க்கு 44 பேர். பெண்கள் 45 பேர்! அடிக்கோ பலாத்காரத்துக்கோ ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 100-க்கு 14 பேர்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. 1983-ல் 498ஏ பிரிவு வந்தது. 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தைத் தேடிப் போகிறவளுக்குக் கையில் பஸ் சார்ஜும், அன்றிரவு படுக்க ஒரு திண்ணையும் வேண்டாமா?

கீதா பூலான் தேவியைத் தன் தலைவியாகக் கருதுகின்றாள். துப்பாக்கி எடுக்கும்வரை அந்த அம்மையார் பட்ட பாட்டை எந்தத் தேசம் கேட்டது? 1983-ல் சரணடைந்து, 11 வருஷம் ஜெயிலிலிருந்து, 1996-ல் பார்லிமெண்டு மெம்பரும் ஆனார். 2001-ல் அவரையும் துப்பாக்கியே முடித்தது.

ஆகவே, விஷம் வையுங்களென்று நாம் சொல்லவில்லை. ஒருவனைக் கொன்றதனால் அடுத்த வீட்டுக்காரன் திருந்திவிடப் போவதுமில்லை. வெளியேற வாசல் இருக்கின்றவள் விஷத்தைத் தேட மாட்டாள் என்பதே நம் அபிப்பிராயம். தனக்கென்று சம்பாத்தியம், தன் பேரில் சொத்து, வேண்டாதவனை விட்டு விலகும் துணிவு ஆகிய இவை பெண்களுக்கு வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பெண் அடிபட்டு வந்து வாசலில் நின்றால், ஊர் சிரிக்குமென்று பயந்து திருப்பி அனுப்பாதீர்கள். சிரிக்கிற ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும், பெண் உயிரோடிருக்கட்டும்.