திருப்புளியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, மலிவு ஸ்க்ரூடிரைவர் வீட்டுக்குப் போதும், தொழிலுக்குப் போதாது. அதன் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய முனை ஸ்க்ரூ தலையையும் வழுக்கிக் கெடுக்கும். குரோம் வனேடியம் எஃகில் செய்ததை வாங்குங்கள்.

மின்வேலைக்கு இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். முறையாகத் தயாரித்ததென்றால் 10,000 வோல்ட்டில் சோதித்திருப்பார்கள். குறியை எவரும் அச்சடிக்கலாம். அதனால் பில் தரும் கடையில் வாங்குங்கள். உறை கிழிந்தால் டேப் சுற்றாமல் தூக்கிப் போடுங்கள். எது கையில் இருந்தாலும் முதலில் மெயினை அணையுங்கள்.

சொந்தங்களுக்கு ஒன்று: கூலியில் பேரம் பேசும்போது, நல்ல கருவியின் விலையும் அதற்குள்தான் இருக்கிறது என்பதை நினையுங்கள். அது அவர்கள் உயிருக்கான காவல்.