கிளப் வாசலும் பள்ளிவாசலும்



சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை ஒன்று கேட்டார். அன்னவாசலில் நம்மோடு ஒரே தெருவில் வளர்ந்தவர். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே சபரில் இருப்பவர். அவருடைய நிறுவனத்தின் மேலாளர்கள் விளையாடும் கோல்ஃப் கிளப்பில் ஒருவர் தம் உறுப்பினர் உரிமையை விற்க முன்வந்திருக்கிறாராம். அந்த நாட்டில் கிளப் உறுப்பினர் உரிமை என்பது நம் ஊர் வீட்டுமனை போன்றது. வாங்கலாம், விற்கலாம், அதற்கென்றே தரகர்களும் உண்டு. விலையோ கிளப்பின் பெயரைப் பொறுத்துப் பல்லாயிரம் வெள்ளியில் தொடங்கிப் பல லட்சம் வெள்ளி வரை ஏறும். மச்சானிடம் பணம் இருக்கிறது. ஆனால் அது மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணம். "இது ஹலாலா ஹராமா என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

இயலாமைக்குக் காரணம் உண்டு. நாமும் அந்த மட்டையைப் பிடித்தவர்களே.

சிங்கப்பூரில் நாம் பணியாற்றிய காலத்தில், கட்டணம் செலுத்தி ஒரு கூடை பந்து வாங்கி அடித்துப் பழகும் பொதுத் திடல் ஒன்றுக்கு அலுவலக நண்பர் நம்மை அழைத்துச் சென்றார். கிட்டிப்புள் ஆடி வளர்ந்த கைக்கு, அசையாமல் கிடக்கும் பந்தை அடிப்பது ஒரு பொருட்டா என்ற எண்ணம் நமக்கு இருந்தது. முதல் வீச்சில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது வீச்சில் புல்லும் மண்ணும் பறந்தன, பந்து மட்டும் பறக்கவில்லை. ஏறத்தாழ இருபதாவது பந்தில் ஏதோ ஒன்று சரியாக அமைந்து, கையில் எவ்வித அதிர்வும் இல்லாமல் பந்து எழுந்து மாலை வெளிச்சத்தில் நெடுந்தூரம் சென்று விழுந்தது. அந்த ஒரு பந்துக்காக அடுத்த நான்கு ஆண்டுகள் நாம் ஆடினோம். ஒருநாளும் நன்றாக ஆடியதில்லை. பதினெட்டுக் குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டிய இடத்தில், நூறுக்குக் குறைவாக முடித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆயினும் இந்த விளையாட்டின் உள்ளே இரண்டு நற்பண்புகளைக் கண்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒன்று, ஹேண்டிகேப் என்னும் முறை. வழக்கமாக நூறு அடிகள் எடுப்பவருக்கு ஏறக்குறைய 28 அடிகள் கழித்துக்கொள்ளும் சலுகை தரப்படும். 75 அடிகளில் முடிப்பவருக்கு மூன்றுதான். ஆகவே தொடக்கநிலையாளரும் தேர்ந்தவரும் ஒரே களத்தில் நேர்மையாகப் போட்டியிடலாம். தம்மினும் மெலியவருக்குத் தரையைச் சமப்படுத்திக் கொடுத்துவிட்டுப் போட்டியைத் தொடங்கும் வேறு விளையாட்டு நமக்குத் தெரிந்து அதிகமில்லை.

மற்றொன்று, நடுவர் அருகில் நிற்பதில்லை என்பது. அடர்ந்த புல்லுக்குள் கிடக்கும் பந்தைக் காலால் நகர்த்தினாலும் காண்பார் இல்லை. தம் தவற்றைத் தாமே அறிவித்துத் தாமே தண்டனை அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் அவ்வாறு செய்தார். புல்லுக்குள் தம் பந்து சற்றே அசைந்ததை அவரைத் தவிர எவரும் பார்க்கவில்லை. அவரோ தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டினார். அந்த ஓர் அடியால் போட்டி சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார். இறுதிவரை பணத்துக்காக ஆடாத, வழக்கறிஞராகத் தொழில் செய்த அமெச்சூர் ஆட்டக்காரர் அவர். தனிமையில் எவரும் காணாதபோதும் காண்பவன் ஒருவன் இருக்கிறான் என்று மதரஸாவில் நாம் படித்த பாடத்தை, இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நினைத்துக்கொண்டோம்.

இனி வாசலுக்கு வருவோம்.

அதே பாபி ஜோன்ஸ் ஓய்வுபெற்ற பின் நண்பருடன் இணைந்து அகஸ்டா நேஷனல் என்னும் தனியார் கிளப்பை நிறுவினார். 1933இல் அது திறக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவரை முதன்முதலாக உறுப்பினராக ஏற்க அந்தக் கிளப்புக்கு 1990 வரை ஆயிற்று. பெண்களை ஏற்க 2012 வரை ஆயிற்று. களத்துக்குள் ஓர் அடியைக்கூட மறைக்காத நேர்மை, வாசலில் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் செய்தி இதைவிடக் கசப்பானது. இந்திய வம்சாவளியினரான பாப்வா சிவ்கோலம் என்பவர் ஏழ்மையில் பிறந்து, பிறருடைய மட்டைகளைச் சுமக்கும் கேடியாக இருந்தவர். மட்டையை எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்து ஆடியவர். ஐரோப்பா சென்று டச்சு ஓப்பன் பட்டத்தை மூன்று முறை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனை அவர் வென்றபோது மழை பெய்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குள் வெள்ளையர் கூடியிருக்க, நிறவெறிச் சட்டத்தின் காரணமாக உள்ளே நுழைய இயலாத வெற்றியாளர் வெளியே மழையில் நின்றபடி கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்த நிகழ்ச்சியின் படம் உலகெங்கும் சென்று, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்புக்கு வலு சேர்த்தது.

தூரத்து நாடுகளைக் குறை கூறி முடித்துக்கொள்ள வேண்டாம். கொல்கத்தாவில் 1829இலேயே ஆங்கிலேயர் கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டனர். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தோன்றியது. மெட்ராஸ் கிளப் இந்தியர்களைச் சேர்க்காமல் இருந்த காலத்தில், இந்தியரும் ஐரோப்பியரும் கலந்து பழகுவதற்கென்று 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் தொடங்கப்பட்டது. வெள்ளையர் போய்விட்டனர். ஆனால் வாசற்காவலர் போகவில்லை. 2014 ஜூலையில், வேட்டி அணிந்து நூல் வெளியீட்டு விழா ஒன்றுக்குச் சென்ற சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்களையே சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் அனுமதிக்க மறுத்தனர். அடுத்த மாதமே சட்டமன்றம், வேட்டி அணிந்தவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. ஜும்ஆ நாளில் நம் பெரியவர்கள் அணியும் அதே வெள்ளை வேட்டிதான். அதை அணிந்து தமிழ்நாட்டின் தலைநகரில் ஒரு கட்டடத்துக்குள் நுழையச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். பதினெட்டுக் குழித் திடல் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். கண்மாய் வறண்டால் குடத்தோடு நிற்கும் நம் பக்கத்து மக்களுக்கு, வெயில் காலத்திலும் பசுமையாகப் பராமரிக்கப்படும் அந்தப் புல்லைக் கண்டால் வயிறு எரியும். ஆனால் அந்த நிலமும் நிலையன்று. மலேசியாவுக்கு அதிவேக ரயில் பாதை அமைப்பதற்கென்று சிங்கப்பூர் அரசு ஜூரோங், ராஃபிள்ஸ் என்னும் இரண்டு கிளப்புகளின் நிலத்தைக் கையகப்படுத்தியது. கிளப்புகள் மூடப்பட்டன. 2021 தொடக்கத்தில் அந்த ரயில் திட்டமே கைவிடப்பட்டது. சென்னையில் 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் நிலத்தை, குத்தகையை ரத்து செய்து அரசு எடுத்துக்கொண்டது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் அந்த வளாகத்துக்குள்தான் இருந்தது. மகளின் படிப்புப் பணத்தை உறுப்பினர் உரிமையில் முடக்க நினைப்பவர் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

நம் அனுபவத்துக்குத் திரும்புகிறோம். ஒருமுறை விருந்தினராக ஜொகூரில் உள்ள திடல் ஒன்றுக்குச் சென்றோம். ரப்பர் தோட்டமாக இருந்து திடலாக மாறிய நிலம் அது. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டு, "தம்பி எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவராம். தாமாகவே திடலைச் சுட்டி, எந்த வரிசையில் எத்தனை மரம் நின்றது என்று சொன்னார். ஆட்டம் முடிந்து உணவுக்கூடத்துக்கு நாம் செல்கையில் அவரையும் தேநீர் அருந்த அழைத்தோம். சிரித்துவிட்டு, "நாங்க பின்வாசல், தம்பி" என்றார். நாம் முன்வாசல் வழியே சென்றோம். உள்ளே மதுக்கூடத்தின் ஓரமாக அமர்ந்து, மக்ரிபுக்கு எங்கே இடம் கேட்பது என்று தயங்கியபடி, அத்தனை நேரமும் அந்த முன்வாசல் நம்மை அனுமதித்ததில் ஒரு மகிழ்ச்சி மனத்தில் இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கிளப் விற்பது புல்லை அன்று. "நான் உள்ளே, அவர் வெளியே" என்னும் அந்த மகிழ்ச்சியைத்தான் அது விற்கிறது. மச்சான் விலை கேட்பதும் அதற்கே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆட்டத்துக்கு என்றால் பொதுத் திடலில் ஒரு கூடைப் பந்து போதும்.

இந்த மகிழ்ச்சி புதியதன்று. மக்காவின் குறைஷித் தலைவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வைத்த நிபந்தனையும் இதுவே. பிலால், அம்மார், சுஹைப் (ரலி) போன்ற எளியவர்களோடு சரிசமமாக அமர மாட்டோம், எங்களுக்கென்று தனி அவை வேண்டும் என்றனர். அதனை மறுத்து இறைவசனம் இறங்கியது. தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில் குறுக்கிட்ட பார்வையற்ற தோழரிடம் முகம் சுளித்ததற்காக நபியவர்களையே கண்டித்து ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. நம் ஆலிம்கள் இவற்றை எத்தனையோ முறை பயான்களில் விளக்கியிருக்கிறார்கள்.

ஆனால் சகோதரர்களே, இந்த இடத்தில் கிளப்புகளை விட்டுவிட்டு நம் மஹல்லாக்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

நம் பகுதி ஊர் ஒன்றில் தையல் தொழில் செய்யும் குடும்பம் ஒன்றை அறிவோம். பிழைப்புக்காக அங்கே வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐந்து வேளையும் அதே பள்ளிவாசலில் தொழுகிறார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுக்கிறார்கள். ஆனால் தலைக்கட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை, "வெளியூர்க்காரர்." மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானபோது, தஃப்தரில் பதிய வேண்டுமானால் பூர்வீக ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். பூர்வீக ஊரிலோ, இருபது ஆண்டுகளாக இங்கே வரி கட்டாதவருக்கு எப்படிக் கடிதம் தருவது என்றார்கள். இரண்டு வாசல்களுக்கும் இடையே அந்தத் தகப்பனார் நான்கு முறை பேருந்தில் அலைந்தார். திருமணம் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று.

ஜமாஅத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பொய் சொல்லி இரண்டாம் திருமணம் செய்யும் ஆடவரைத் தடுக்க அந்தக் கடிதம் பல பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. வரி செலுத்துவோர் பட்டியல் இல்லாமல் பள்ளிவாசல் விளக்கு எரியாது. அந்த அளவில் அது நிர்வாகம். இருபது ஆண்டு அண்டை வீட்டாரை உள்ளே விடாமல் காப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி பிறக்குமானால், அது ஜொகூரில் நாம் அனுபவித்த அதே மகிழ்ச்சிதான். பள்ளிவாசலின் ஸஃப்பில் முதலில் வந்தவர் முன்னே நிற்கிறார். தொழுகை முடிந்து வெளியே வந்ததும், ஊர்க்கூட்டத்தில், அந்த ஒழுங்கு ஏன் மாறிவிடுகிறது?

மச்சானுக்கு நாம் எழுதிய பதில் நீண்டது. பந்து அடிப்பது ஹராம் இல்லை, பந்தயம் கட்டாத வரை. வசதியுள்ளவர் உடல்நலத்துக்காகச் செலவிடுவதும் குற்றம் இல்லை. ஆனால் மகளின் பணத்தைத் தொட வேண்டாம் என்றும், வாங்கும் முன் அந்தக் கிளப்பில் புல் வெட்டுபவர் எந்த வாசலால் நுழைகிறார் என்று ஒருநாள் நின்று பார்க்கும்படியும் எழுதினோம். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. "ஊரிலே மட்டும் என்ன வாழ்கிறதாம்?" என்று ஒரு வரி மட்டும் பதிலாக வந்தது.

ரமலானுக்கு முன்பாக மஹல்லாக்களில் தலைக்கட்டுப் பட்டியலைத் திருத்துவது பல ஊர்களில் வழக்கம். இவ்வாண்டு அந்தக் கூட்டம் கூடும்போது, பத்து ஆண்டுகளுக்கு மேல் ஊரில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும், பூர்வீகம் கேட்காமல், பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் கோரிக்கை வைக்க இருக்கிறோம். கையொப்பமிட விரும்பும் சகோதரர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம்மைச் சந்திக்கலாம். தாளில் முதல் பெயராகத் தம் பெயரை எழுதச் சொல்லிவிட்டார் மச்சானின் அத்தா.