பின்லாந்தின் ‘நெத்திலி’... நான்கு நாள் கோடைப் பயணமும் ஒரு வாணலி மீனும்!

‘வெளிநாடு போனா சாப்பாடுதான் பிரச்னை. உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது!’ - ஐரோப்பியப் பயணம் என்று பேச்செடுத்தாலே வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பெட்டியில் பாதி இடத்தைப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பிடித்துக்கொள்ளும்.

ஆனால், கோடையில் பின்லாந்து போகிறவர்கள் தலைநகர் ஹெல்சிங்கியின் துறைமுகச் சந்தையில் ஒரு கூடாரத்தின் முன்னால் கட்டாயம் நின்றுவிடுவார்கள். அகலமான இரும்புத் தட்டில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கும். அதில், மாவில் புரட்டிய பொடி மீன்கள் வரிசையாக மொறுமொறுவென்று வறுபடும். பார்த்தவுடன் தோன்றுவது ஒன்றுதான்: ‘அட, நம்ம ஊர் நெத்திலி வறுவல்!’

பொதுவாக, நார்டிக் நாடு என்றாலே சால்மன்தான் நினைவுக்கு வரும். உணவகங்களின் மெனு கார்டிலும் அதற்குத்தான் முதலிடம். ஆனால், உள்ளூர்க்காரர்கள் கோடையில் காகிதத் தட்டோடு நின்றுகொண்டே சாப்பிடுவது இந்தச் சின்ன மீனை. பர்ஸுக்கும் உடம்புக்கும் இது நல்லது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பெயர் முயிக்கு!

இந்த மீனின் பெயர் ‘முயிக்கு’. ஏரிகளில் கூட்டம் கூட்டமாக வாழும் வெள்ளி நிற மீன். பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டாது. உறவுமுறைப்படி பார்த்தால் இது நெத்திலிக்குச் சொந்தமில்லை. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால், வாணலிக்குள் போய்விட்டால் நெத்திலியேதான். சின்ன மீன் என்றால் முள்ளோடு அப்படியே மென்று சாப்பிடலாம்.

பின்லாந்தில் சின்னதும் பெரியதுமாக 1,88,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. கடலோரம் போகாமலேயே மீன் சாப்பிட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். கூப்பியோ என்ற நகரத்தில், ரை மாவு ரொட்டிக்குள் முயிக்குவை அடைத்து, பல மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்கும் ‘கலாகுக்கோ’ பிரபலம். முள்ளெல்லாம் கரைந்து மெத்தென்று ஆகிவிடும். வயலுக்கும் காட்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் கையோடு எடுத்துச் சென்ற கட்டுச்சோறு அது. மீனோடு பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள் என்பதால், அதைச் சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

நான்கு நாள் போதுமா?

ஒரு நகரம், ஓர் ஏரி என்று திட்டமிட்டால் போதும்.

முதல் நாள் ஹெல்சிங்கி. துறைமுகச் சந்தையான ‘கௌப்பத்தோரி’, அதன் பக்கத்திலேயே 1889-ல் திறக்கப்பட்ட பழைய சந்தைக் கட்டடம், எதிரே கடலுக்குள் சுவோமென்லின்னா தீவுக்கோட்டை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் உள்ள இந்தக் கோட்டைக்குச் செல்லும் படகில், டிராம் பயணத்துக்கு வாங்கிய டிக்கெட்டே செல்லும். சுமார் 15 நிமிடப் பயணம். சந்தையில் மீன் தட்டோடு நிற்கும்போது மட்டும் மேலே ஒரு கண் இருக்கட்டும். நம் ஊர்க் காக்கா தோற்றுவிடும். அங்கே கடற்பறவைகள் பாய்ந்து வந்து தட்டிலிருந்தே மீனைத் தூக்கிவிடும்!

இரண்டாம் நாள் ரயில் ஏறி சவோன்லின்னா. நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; நடுவில் ஒரு ரயில் மாற வேண்டும். பின்லாந்தின் மிகப்பெரிய ஏரியான சைமாவின் நடுவே அமைந்த சிறு நகரம் இது. 1475-ல் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டை தண்ணீருக்குள் இருந்தே எழுந்து நிற்கும். ஜூலையில் கோட்டைக்குள் ஓபரா விழா நடக்கும் என்பதால், அப்போது அறை வாடகை எகிறும். விழா நாள்களைத் தவிர்த்துப் போனால் செலவு குறையும். ஏரிக்கரைச் சந்தையில் வறுத்த முயிக்குவும், நம் சோமாசியின் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும் ‘லோர்ட்சி’யும் கிடைக்கும். பிறை வடிவில் பொரித்த இந்தப் பண்டத்துக்குள் ஆப்பிள் ஜாமோ, இறைச்சியும் அரிசியுமோ வைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் முழுக்க ஏரிக்குத்தான். படகுப் பயணம், குளியல், சௌனா. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாதாரணக் கம்பு, நூல், மிதவை, தூண்டில் முள் இவற்றை வைத்துக்கொண்டு மீன்பிடிக்க பின்லாந்தில் கட்டணமோ, அனுமதிச் சீட்டோ தேவையில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கும் இந்த உரிமை உண்டு. சுழல் சக்கரம் வைத்த தூண்டில் என்றால் கதை வேறு. பெரியவர்கள் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். சால்மன் வரும் நீரோட்டங்களிலும், மீன்பிடிக்கத் தடையுள்ள இடங்களிலும் எந்தத் தூண்டிலும் போடக் கூடாது.

நான்காம் நாள் மறுபடி ரயில். அவ்வளவுதான்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஜூன் 20 முதல் 26-க்குள் வரும் சனிக்கிழமை அங்கே ‘யுஹன்னுஸ்’ என்ற நடுக்கோடைத் திருநாள். நம் பொங்கலுக்குச் சென்னை காலியாவதுபோல, நகரமே ஏரிக்கரை வீடுகளுக்குக் கிளம்பிவிடும். முந்தின நாளே பல கடைகள் பூட்டிவிடும். அந்த வார இறுதியில் போய் இறங்கினால், ஹெல்சிங்கியில் வெறிச்சோடிய தெருக்களைத்தான் படம் பிடிக்க முடியும். ஜூன் பிற்பகுதியில் ஹெல்சிங்கியில் சுமார் 19 மணி நேரம் பகல். இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருப்பதால், தூங்குவதற்குக் கண் பட்டை எடுத்துப் போவது உதவும். கொசுவத்தி ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்... அங்கேயும் ஏரிக்கரையில் கொசு உண்டு!

சின்ன மீனுக்கு ஏன் முதலிடம்?

இந்த இடத்தைக் கர்ப்பிணிகளும் குழந்தை வைத்திருப்பவர்களும் நிதானமாக வாசிக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு முறையாவது மீன் சாப்பிடுங்கள், ஒரே மீனையே சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள் என்பதுதான் பின்லாந்து அரசின் பொதுவான அறிவுரை. கூடவே சில மீன்களுக்கு எச்சரிக்கையும் வைத்திருக்கிறது. ஏரிகளில் வாழும் ‘பைக்’ என்ற வேட்டை மீனில் பாதரசம் சேர்வதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைச் சாப்பிடவே கூடாது. குழந்தைகளுக்கும், குழந்தை பெறும் வயதில் உள்ளவர்களுக்கும் மாதத்தில் ஓரிரு முறைதான். பால்டிக் கடலில் பிடிக்கும் பெரிய ஹெர்ரிங் மீனுக்கும், அந்தக் கடலின் இயற்கையான சால்மனுக்கும் டையாக்சின் போன்ற நச்சுப்பொருள்கள் காரணமாக இதே போன்ற வரம்பு உண்டு. பண்ணையில் வளர்த்து விற்கும் சால்மனுக்கு இந்த வரம்பு இல்லை.

காரணம் எளிமையானது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது. பல வருடங்கள் வாழ்கிறது. தின்ற மீன்களில் இருந்த நச்செல்லாம் அதன் உடலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. முயிக்கு தின்பது தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களை. வாழ்நாளும் குறைவு. அதனால் நச்சு சேர்வதும் குறைவு. முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும்.

நம் வீட்டில் நெத்திலிக்கும் இதே கணக்குதான். ‘விருந்தாளி வந்தா வஞ்சிரம், நமக்கு நெத்திலி’ என்று நினைக்கும் வீடுகளில், உண்மையில் நல்ல பங்கு வீட்டுக்காரர்களுக்கே கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஏப்ரல் 15!

சைமா ஏரிக்குள் இன்னோர் உயிரும் இருக்கிறது. பனியுகம் முடிந்து நிலம் உயர்ந்தபோது, கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு ஏரிக்குள்ளேயே தங்கிவிட்ட ஒரு வகை சீல். உலகில் வேறெங்கும் இது கிடையாது. 1980-களில் இருநூறுக்கும் குறைவாக இருந்த எண்ணிக்கை, இப்போதுதான் சுமார் 500-ஐத் தொட்டிருக்கிறது.

பனிக்காலக் கடைசியில், கரையோரப் பனிக்குவியலுக்குள் சீல் குட்டி போடும். வசந்தத்தில் நீந்தப் பழகும் குட்டிகள், ஏரியில் கட்டி வைத்திருக்கும் வலைகளில் சிக்கிக்கொள்ளும். மீனைப்போல அவற்றால் தண்ணீருக்குள் மூச்சுவிட முடியாது. மேலே வர முடியாமல் இறந்துபோகும். இதைத் தடுக்கத்தான், சீல் வாழும் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை வலை கட்டிப் பிடிப்பதற்குத் தடை. ஏரிக்கரை வீட்டில் இருந்தபடி, சாயங்காலம் வலை போட்டு, காலையில் குழம்புக்கு மீன் எடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு இது சின்ன இழப்பில்லை. அதனால், அந்த நீர்ப்பரப்பின் உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு அரசு இழப்பீடும் கொடுக்கிறது.

ஏப்ரல் 15 என்ற தேதியை எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதும் அதே ஏப்ரல் 15-ல்தான். அங்கே சீல் குட்டிக்காக. இங்கே இனப்பெருக்கம் செய்யும் மீன்களுக்காக. இரண்டு ஊரிலும் கரையில் காத்திருப்பது மீனவக் குடும்பங்கள்தான்.

முயிக்கு அந்த சீலுக்கும் உணவு. ஏரி கொடுப்பதை மனிதரும் சீலும் பங்கு போட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டமாகவே இருக்கிறது.

வீட்டிலேயே செய்யலாம்... முயிக்கு ஸ்டைல் நெத்திலி!

பின்லாந்தில் ரை மாவு. அதற்குப் பதில் நம் கேழ்வரகு மாவு. நிறமும் மொறுமொறுப்பும் அருமையாகப் பொருந்தும்.

தேவையானவை: நெத்திலி - அரை கிலோ, கேழ்வரகு மாவு - அரை கப், கோதுமை மாவு - 2 டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் - அரை டீஸ்பூன், வெண்ணெய் - 50 கிராம், எண்ணெய் - ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சை - ஒன்று, உப்பு - தேவைக்கேற்ப.

தொட்டுக்கொள்ள: வேகவைத்த உருளைக்கிழங்கு - அரை கிலோ, சூடான பால் - அரை கப், வெண்ணெய் - ஒரு டேபிள்ஸ்பூன், நறுக்கிய கொத்தமல்லித்தழை - சிறிதளவு.

செய்முறை: நெத்திலியின் தலையையும் குடலையும் நீக்கிக் கழுவவும். சுத்தமான துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றி எடுக்கவும். ஈரம் இருந்தால் மாவு பிசுபிசுத்துவிடும். மாவுகளுடன் உப்பு, மிளகுத்தூள் கலந்து, அடுப்பு சூடான பிறகு மீனைப் புரட்டவும். முன்கூட்டியே புரட்டி வைக்க வேண்டாம். இரும்பு தோசைக்கல்லில் எண்ணெயும் வெண்ணெயும் விட்டு, நுரை அடங்கியதும் மீன்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கவும். மிதமான தீயில் பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடங்கள் போதும்.

உருளைக்கிழங்கைத் தோலுரித்து மசித்து, பால், வெண்ணெய், உப்பு, கொத்தமல்லித்தழை சேர்க்கவும். மேலே மீனை வைத்து, எலுமிச்சை பிழிந்து சூடாகப் பரிமாறவும்.

பின்லாந்தில் கொத்தமல்லிக்குப் பதில் ‘டில்’ இலை தூவுவார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் செடி புதிதில்லை. பிரசவம் ஆன வீட்டில் பாட்டிகள் தேடும் சதகுப்பைதான் அது.

மிளகாய், மஞ்சள், புளி எதுவும் இல்லாத இந்த வறுவலுக்கு ஒரே நிபந்தனை, மீன் அன்றைக்கு வந்ததாக இருக்க வேண்டும். கண் தெளிவாக, உடல் பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் பழைய மீன் என்றால் மசாலா காப்பாற்றிவிடும், வெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட மீன் கிடைத்த நாளில் வழக்கமான வறுவலையே செய்துகொள்ளலாம்.

பயணப் பெட்டியில் அந்தப் புளிக்காய்ச்சல் பாட்டில் இருக்கட்டும், தப்பில்லை. நான்கு நாள் கழித்து அதைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தால், பெரியவர்களிடம் சொல்வதற்கு ஒரு பதிலும் கையில் இருக்கும்: ‘அங்கேயும் நெத்திலி கிடைக்குதும்மா!’