தபாலில் போன படங்கள்

லித்துவேனியாவில் எய்ஷிஷோக் என்று ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த யூதக் குடும்பங்கள் கல்யாணம், பள்ளிக்கூடம், சுற்றுலா என்று எல்லாவற்றையும் படமெடுத்து, வெளிநாட்டு உறவினர்களுக்குத் தபாலில் அனுப்பும்.

1941 செப்டம்பரில், இரண்டே நாட்களில் அந்த ஊர் யூதர்களை நாஜிகளும் உள்ளூர்க் கூட்டாளிகளும் சுட்டுக் கொன்றார்கள். தப்பிய சிலரில் ஒருவர் யாஃபா எலியாக் என்ற சிறுமி. ஊரில் ஸ்டூடியோ நடத்தியவர் அவருடைய பாட்டிதான்!

பிற்காலத்தில் பேராசிரியரான யாஃபா, நாடு நாடாக அலைந்து சுமார் 6,000 படங்களைச் சேகரித்தார். அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில், ‘முகங்களின் கோபுர’மாக உயர்ந்து நிற்கின்றன. அத்தனையும் வாழ்ந்த நாட்களின் முகங்கள்.

பலருக்கும் அனுப்பி வைத்ததால் அவற்றில் பல பிழைத்தன. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஒரு பிரதி அக்கா வீட்டில் இருக்கட்டும். படத்தின் பின்னால் பெயர் எழுத மறக்காதீர்கள்.