பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கும் பட்டறை திறக்கட்டும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் பெரிதும் திணறுவது செய்முறை அறிவியலில்தான். மொழிக்கும் கணக்குக்கும் புத்தகமும் பொறுமையும் போதும். காந்தம், மின்சுற்று, நெம்புகோல் என்று வந்தால் கைக்குப் பொருள் வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். உடனே இணையத்தில் அறிவியல் கிட் தேடுகிறார்கள். அப்பெட்டிகள் பலவற்றில் கேள்வியும் விடையும் சேர்ந்தே வருகின்றன; சொன்னபடி பூட்டினால் விளக்கு எரியும், அதோடு வேலை முடிந்தது. ஆர்வமுள்ள பிள்ளைக்கு வாரந்தோறும் போய் உட்கார ஓர் இடமும், கேட்டால் விளக்கும் தொழில் தெரிந்த மனிதரும் வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அங்கே நுழையத்தான் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டியிருக்கிறது.

மலிவான பொருளை வைத்தே நல்ல அறிவியல் கற்பிக்கலாம் என்பதை மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் திட்டம் காட்டியது. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை நடந்த முயற்சி அது. அதன் பாடநூல் விடையைச் சொல்லித் தராது. சோதனை செய்து பார்த்துப் பிள்ளைகளே எழுத வேண்டும். புனேயில் லாரித் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பெடுத்து அங்கே போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்து உருவங்கள் செய்துகாட்டினார். அப்படிச் செய்த முக்கோணத்தை அழுத்தினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். பாலத்துக்கு ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்பது அப்போது விரலுக்கே விளங்கும். அசோக் லேலண்ட் இருக்கும் ஓசூரில் லாரி செய்யத் தெரிந்தவர்களுக்கா குறைச்சல்?

எந்த லேத் பட்டறையிலும் கீழே கிடக்கும் உலோகச் சுருள்களைப் பாருங்கள். காந்தம் எஃகுச் சுருளை இழுக்கும், பித்தளையையும் அலுமினியத்தையும் விட்டுவிடும். சில எஃகுச் சுருள்கள் நீலம் பாய்ந்திருக்கும். வெட்டும்போது எழுந்த சூட்டின் தடயம் அது. தலைமுடியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்த பிள்ளைக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது வெறும் எண்ணாக இருக்காது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரைத்துப் பொங்குவது ஏன் என்ற கேள்விக்கு, ஆற்றில் கை வைக்காமல் வீட்டிலேயே இரண்டு பாட்டில்களில் விடை தேடத் தொடங்கலாம்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் துளி சோப்புத்தூள் கலந்த தண்ணீர், இரண்டையும் குலுக்கி, எதில் நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துவைத்தால் போதும்.

தமிழக அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை சோதனைக் கருவிகளைக் கொண்டுசெல்கிறது. மத்திய அரசின் அடல் ஆய்வகங்களுக்குப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கப்பட்டது. கிருஷ்ணகிரியை அடுத்து, ஆந்திர எல்லைக்குள் குப்பத்தில், 1999இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகத்தில் கிராமப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தே கற்கிறார்கள். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான் இவற்றுக்குள் நுழைய முடிகிறது.

வீட்டில் படிப்பவர்கள் வசதியான சிலர், அவர்களுக்காகப் பொதுப்பணமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதிவேட்டுக்கு வெளியே நிற்பது அவர்கள் மட்டுமல்ல. வேலை தேடி வந்த குடும்பங்களின் இடைநின்ற பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் பற்றிப் பேசுகிறது. அவர்களைப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலை நடக்கட்டும். அதுவரை ஆய்வகத்தைப் பூட்டிவைப்பதால் யாருக்கு லாபம்? பாதுகாப்பு பற்றிய அச்சம் இன்னும் வலுவானது. ஓடும் இயந்திரத்தின் அருகே குழந்தையை விடவே கூடாது. அளப்பதற்கும் பிரித்துப் பூட்டுவதற்கும் ஒரு மேசை போதும். இயந்திரம் ஓட வேண்டியதில்லை.

மாவட்ட நிர்வாகம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஓர் ஐ.டி.ஐ. பட்டறையையும் ஒரு பள்ளி ஆய்வகத்தையும் வயதை மட்டும் பார்த்துத் திறந்துவிடட்டும். சிப்காட் தொழிற்பேட்டை நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியோடு, அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியனையும் அந்த நாட்களில் அனுப்பிவைக்கட்டும்.