நாகேஷ் யாருடைய நகலும் அல்ல

நாகேஷைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது வரியில் ஜெர்ரி லூயிஸ் வந்துவிடுகிறார். "தமிழ்நாட்டு ஜெர்ரி லூயிஸ்" என்று சொன்னால் பெரிய பாராட்டு என்று நினைப்பு. நம்ம ஆளை வெள்ளைக்காரன் தராசில் நிறுத்தி, எடை சரி என்று ரசீது கொடுப்பதற்குப் பெயர் பாராட்டா?

ஜெர்ரி லூயிஸ் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அவரைப் பிடிக்காமல் போகுமா? 1926-இல் அமெரிக்காவின் நுவார்க் நகரில் மேடைக் கலைஞர்களுக்கு மகனாகப் பிறந்தவர். 1946 முதல் பத்து வருஷம் டீன் மார்ட்டினோடு ஜோடி சேர்ந்து அமெரிக்காவையே சிரிக்க வைத்தார். பிறகு தனியே வந்து, 'தி நட்டி புரொபசர்' (1963) போன்ற படங்களைத் தானே இயக்கி நடித்தார். அமெரிக்க விமர்சகர்கள் பலர் "கோணங்கி" என்று ஒதுக்கிய அவரை, பாரிஸ் பத்திரிகைகள் பெரிய இயக்குநர்களின் வரிசையில் வைத்து எழுதின. 2006-இல் பிரெஞ்சு அரசு 'லெஜியோன் தொனேர்' கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஃபெர்னாண்டல் என்று சொந்த நகைச்சுவை நடிகர் இருந்தார். ஆனாலும் லூயிஸை "அமெரிக்க ஃபெர்னாண்டல்" என்று சொல்லியா கௌரவித்தார்கள்? லூயிஸை லூயிஸாகவே பார்த்தார்கள்.

நாம் நாகேஷை எப்படிப் பார்த்தோம்?

தாராபுரத்துக் கன்னடக் குடும்பத்தில் 1933-இல் பிறந்த குண்டுராவ். அம்மை வடு விழுந்த முகம், ஒல்லி உடம்பு, சென்னையில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். நானும் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன், அதனால் சொல்கிறேன். அதிகாரி முன்னால் முதுகு எவ்வளவு வளையும், குரல் எங்கே இறங்கும், அவர் திரும்பியதும் முகம் எப்படி மாறும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்து சர்வரிடமும், 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் ஒரு வீட்டுக் குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கும் மாடிப்படி மாதுவிடமும் இருப்பது அந்த உடம்புதான். லூயிஸ் செய்தது வளர்ந்துவிட்ட குழந்தையின் சேட்டை. நாகேஷ் செய்தது சோற்றுக்கு அடுத்தவன் முகம் பார்க்கிறவனின் சாமர்த்தியம். இரண்டும் ஒன்றா?

"கைகால் ஆட்டத்தில் லூயிஸ் சாயல் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கட்டுமே. 'திருவிளையாடல்' (1965) தருமியை எந்த அமெரிக்கப் படத்திலிருந்து எடுத்தார்? பொற்காசுக்கு ஆசைப்பட்டு, பாட்டு எழுத வராமல், கோயிலில் தனக்குத்தானே புலம்பும் அந்த ஏழைப் புலவன் மதுரைக்காரன். எதிரே சிவாஜி சிவபெருமானாக நிற்கிறார். தியேட்டரில் கைத்தட்டல் தருமிக்கு. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளை வெறுத்துக்கொண்டே சிரித்தோமே! 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பேச்சு இல்லை, அசைவு இல்லை, வெறும் பிணம். அதற்கும் சிரித்தோம்.

இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? 'நம்மவர்' (1994) படத்துக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருது. அதில் அவர் மகளைப் பறிகொடுத்த அப்பா. அதாவது, முப்பது வருஷம் சிரிக்க வைத்தவர் அழுது காட்டிய பிறகுதான் நடிகர் என்று டெல்லிக்குத் தெரிந்தது. பத்ம விருது கடைசிவரை வரவில்லை. 2009 குடியரசு தினப் பட்டியலில் விவேக்குக்கு பத்மஸ்ரீ வந்தது; அவர் தகுதியானவர், சந்தோஷம்தான். ஆனால் அடுத்த ஐந்தாம் நாள், ஜனவரி 31-இல், நாகேஷ் வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தார். அதே 2009 பிப்ரவரியில் ஹாலிவுட் லூயிஸுக்கு ஆஸ்கர் மேடையில் ஒரு விருது கொடுத்தது. அதுவும் தர்ம காரியத்துக்கு, நடிப்புக்கு அல்ல. சிரிப்பை இளக்காரமாகப் பார்க்கும் புத்தி எல்லா ஊரிலும் இருக்கிறது. நம்மிடம் கூடுதலாக, நம்மவனுக்கு அடுத்தவன் பெயரைச் சூட்டும் புத்தியும் இருக்கிறது.

எங்கள் காஞ்சிப் பட்டில் உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் நெய்து கோர்வை போட்டு இணைப்பார்கள். கரைதானே என்று எந்த நெசவாளியும் மட்டமான நூல் போடுவதில்லை. கோர்வை விட்டால் புடவையே போயிற்று. அந்தக் காலத்துப் படங்களில் நாகேஷ் அப்படிப்பட்ட கரை. அவர் வரும் காட்சிகளை எடுத்துவிட்டு 'காதலிக்க நேரமில்லை'யை (1964) ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

டெல்லியை மட்டும் திட்டிப் பயனில்லை. அரசு ஆபீசில் கோப்பு தானாக நகராது. யாராவது நோட் போட வேண்டும். பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் பரிந்துரை செய்யலாம், இப்போது இணையத்திலேயே. கவுண்டமணியும் வடிவேலுவும் நம்மோடு இருக்கிறார்கள். இருக்கும்போதே எழுதுங்கள். எழுதும்போது அவர்கள் சொந்தப் பெயரை மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் எந்த வெள்ளைக்காரனையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.